தென்துருவம் கலந்தர்

நாற்காலியை விட்டு எழாமலே பூமியைச் சுற்றி வருகிற மனிதர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். பார்த்திருப்பீர்கள். பழவேற்காட்டில் அந்தப் பொறுப்பைக் கவனித்துக்கொள்பவர் வலைக்கடை கலந்தர். கடல் கடந்தவர்கள், பனியில் உறைந்தவர்கள், நட்சத்திரம் பார்த்துத் திசை கண்டவர்கள், திசை தெரியாமல் போய்ப் புதுத் தீவில் முட்டிக்கொண்டவர்கள் என்று அத்தனை பேர் கதையையும் வாங்கிப் படித்து, கயிறு வாங்க வருகிறவர்கள் தலையில் இறக்கிவைப்பது அவர் வழக்கம். அவருக்கோ ஏரியில் படகேறினாலே தலை சுற்றும்.

"பாய், நைலான் கயிறு..." என்பான் மணிகண்டன்.

"கயிறு கெடக்கட்டும். பனியில கப்பல் மாட்டிக்கிச்சு. பூட்ஸ் தோலை வேக வச்சுத் துன்னான்யா! அவன் மனுசன்! நம்மாளுங்களுக்கு வீட்டை விட்டு நகரவே பயம்."

அப்போதுதான் கடலிலிருந்து வந்திறங்கிய மணிகண்டன் தலையாட்டுவான். கயிறு வேண்டுமே!

இப்படிப்பட்டவரின் மகள் ஹஃபீஸா, சென்னையில் கடல் உயிரியல் படித்தவள், ஒரு சாயங்காலம் அவர் எதிரே வந்து நின்றாள்.

"வாப்பா, ஆராய்ச்சிக் கப்பல்ல எடம் கெடச்சிருக்கு. தென்துருவத்துக்கு."

புத்தகம் மூடிக்கொண்டது. வருஷக்கணக்காகத் தென்துருவத்திலேயே குடியிருப்பவர் திடுக்கிட்டுப் போனார்.

"அங்க குளிருமேம்மா!"

"ஆமா வாப்பா."

"போன வாரங்கூடத் தும்முனியே. வேணாம். நம்ம ஏரியில இல்லாத மீனா?"

மனைவி ஜைனம்பு சமையலறையிலிருந்து வந்தாள். "கல்யாணம் ஆன நாளா எத்தினி கப்பலை அனுப்பி வச்சீங்க! இந்த ஒண்ணுக்கு மட்டும் காத்து சரியில்லயா?"

"அவனுங்கள்ல பாதிப்பேரு திரும்பி வரலடி!" கலந்தர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். யார் யார் எப்படிச் செத்தார்கள் என்பது அந்த வீட்டில் அவருக்கு மட்டும்தானே தெரியும்?

"நான் கேக்க வரல வாப்பா, சொல்ல வந்தேன்" என்றாள் ஹஃபீஸா, மெதுவாக.

பொன்னேரி பஸ்ஸில் ஏற்றிவிட அவரே போனார். ஜன்னல் வழியாகப் பிடித்த மகளின் கையைக் கண்டக்டர் அதட்டும்வரை விடவில்லை. கடைக்குத் திரும்பி ஒரு புத்தகத்தைத் திறந்தார். ஒரு வரியில் கப்பல் துறைமுகத்தை விட்டது. அடுத்த வரியில் நடுக்கடல். வழியனுப்ப வந்தவர்கள் வீடு திரும்பி என்ன செய்தார்கள்? சாப்பிட்டார்களா? எந்த மகராசனும் எழுதிவைக்கவில்லை. அன்று முழுக்க வாயைத் திறக்காமல் வியாபாரம் பார்த்தார். கடைத்தெருவே பயந்துபோயிற்று.

பிறகு ஃபோனில் ஒரு படம் வந்தது. வெள்ளை வெளேரென்ற பனியில், ஆரஞ்சுச் சட்டைக்குள் சிரிக்கிற ஹஃபீஸா. கலந்தர் வெகுநேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்தார். அவ்வளவுதான்.

"நான்தான் போகச் சொன்னேன்!" என்று மறுநாள் வலை வாங்க வந்த சரவணனைப் பிடித்துக்கொண்டார். "நம்ம வம்சமே கடலோடி வம்சம்யா. உன் பொண்ணை இன்னாத்துக்கு வீட்ல வச்சிருக்கே? அனுப்புய்யா. பெத்தவன் பயந்தா ஆவுமா?"

சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்தபோது உங்கள் வீட்டிலும் யாரோ ஏதோ சொல்ல வந்தார்கள். நீங்கள்தான் கண்ணை எடுக்காமல், 'இரு, முடிச்சுட்டு வரேன்' என்று கையமர்த்தினீர்கள். இன்னும் அங்கேயே நிற்கிறார்களா, பாருங்கள்.