குடை வைக்குமிடம்

எங்கள் நூலகத்தில் யார் எதைக் கேட்டாலும் தேடித் தருவதற்கென்று ஒரு மேஜையும், அதன் பின்னால் ஓர் அக்காவும் இருந்தார்கள். உலகத்தில் உள்ளதெல்லாம் கைபேசிக்குள் வந்துவிட்ட பிறகு இந்த அக்கா எதற்கு என்ற கவலை அதிகாரியைப் பிடித்துக்கொண்டது. மேஜை போய்த் தொடுதிரை வந்தது. அக்கா, பொதுநலன் கருதி, வாசலில் குடை வாங்கி வைக்கும் கூண்டுக்கு மாற்றப்பட்டார். குடையைத் தவிர வேறெதைப் பற்றிப் பேசினாலும் வேலை போய்விடும் என்பது உத்தரவு.

எனக்கு அப்போது வேறு கவலை. என் வீட்டுக்காரருக்கு இரண்டு டாக்டர்கள் ஆளுக்கொரு மாத்திரை எழுதியிருந்தார்கள். இரண்டையும் சேர்த்து விழுங்கலாமா? இவரைக் கேட்டால் அவரைக் கேட்கச் சொன்னார்; அவரைக் கேட்டால் இவரை. திரையைக் கேட்டேன். விழுங்கலாம் என்றது, கூடவே கூடாது என்றது, கடைசியில் முடி வளர ஓர் எண்ணெய் வாங்கச் சொன்னது.

வெயில் மண்டையைப் பிளந்தது. குடையை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போனேன்.

"அக்கா, குடை வைக்கணும். அப்படியே ஒரு சந்தேகம்..."

"மெதுவா பேசு." மாத்திரைகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "அவருக்கு வேற ஏதாவது தொந்தரவு உண்டா?"

"கிட்னி கொஞ்சம் சரியில்ல."

"திரைகிட்ட சொன்னியா?"

"அது கேக்கவே இல்லையேக்கா."

"நாளைக்கு வா. மருந்துப் புத்தகத்துல பார்த்து அந்தப் பக்கத்தை நகல் எடுத்துத் தரேன். டாக்டர்கிட்ட காட்டு."

மறுநாள் வரிசை தெருவில் நின்றது. தச்சர், தையற்காரி, மகளுக்கு மாப்பிள்ளை தேடும் ஒருவர் என்று எல்லார் கையிலும் குடை. குடையில்லாத ஒருவர் முன்னால் நின்றவரிடம் இரவல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அதிகாரியின் கார் வந்து நின்றது.

"எதுக்கு இவ்வளவு கூட்டம்?"

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"குடை வைக்க, சார்," என்றார் தச்சர்.

"மழையே இல்லையே?"

"வந்துட்டா?" என்றேன் நான்.

"உள்ளே திரைகிட்ட ஒருத்தர்கூட இல்லையே."

"கேக்கிறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லைங்க," என்றாள் தையற்காரி. "எங்களுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே."

அதிகாரி நெகிழ்ந்துபோனார். திரையின் பயனாகப் பொதுமக்கள் ஐயம் யாவும் நீங்கப்பெற்றனர் என்றும், எஞ்சியுள்ள ஒரே தேவை குடைக்கு இடம் என்றும் மேலிடத்துக்கு எழுதினார். புத்தகங்களை அப்புறப்படுத்தி வாசிப்புக்கூடத்தைக் குடைக்கூடமாக்கினார்கள். குடையை வாங்கவும் திருப்பித் தரவும் ஓர் இயந்திரம் வந்தது. இயந்திரம் இருக்கும்போது அக்கா எதற்கு? அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், மருந்துப் புத்தகப் பக்கத்தின் நகல் என் கைக்கு வருவதற்குள்.

திறப்பு விழாவில் எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் கைதட்டினோம். என் வீட்டுக்காரர் இன்றைக்கு இது, நாளைக்கு அது என்று ஒன்றுவிட்டு ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தார்.

பேசி முடித்த அதிகாரி என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஏம்மா, அந்த அக்கா வீடு எங்கே? எனக்கும் ரெண்டு டாக்டர் மாத்திரை எழுதியிருக்காங்க."

நான் தச்சரைப் பார்த்தேன். தச்சர் தையற்காரியைப் பார்த்தார். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அதையும் அக்காவிடம்தான் கேட்க வேண்டும்.