கைபடாத வீரம்

வீரத்துக்கு முதல் எதிரி பகைவனின் குண்டு அல்ல. மனித விரலின் வியர்வை. இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்து உலகுக்கு அளித்தது எங்கள் போர் நினைவு நாணயச் சேகரிப்போர் சங்கம். அதன் செயலாளர் அடியேன்தான். அடக்கம் மட்டும் இல்லாவிட்டால் இதை முதல் வாக்கியத்திலேயே சொல்லியிருப்பேன்.

பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் அறை. கீழே பல் பிடுங்கிக்கொள்பவர்கள் போடும் அலறலில் போர்க்களச் சூழல் இலவசமாகக் கிடைத்துவிடும். ஒவ்வொரு நாணயத்துக்கும் தனித்தனிக் கண்ணாடிப் பெட்டி. வெள்ளைக் கையுறை இல்லாதவருக்கு உள்ளே இடமில்லை. எங்கள் தலைவர் ஜவுளிக்கடை முதலாளி. பலூன் வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்வார்; ஆனாலும் நாற்பது போர்களைத் தன்னந்தனியாக அலமாரியில் வைத்துப் பூட்டியவர்.

போன மாதம் 'பாலப் போர் முப்பதாம் ஆண்டு' நாணயம் வந்தது. உடைந்த பாலத்தின் மேல் ஒரு வீரர், காயம்பட்ட இன்னொருவரை முதுகில் சுமந்து வருகிறார். எங்கள் சங்கத்தின் தரப் பரிசோதகரும் கீழ்வீட்டுப் பல் டாக்டர்தான்; அரைமணி நேரம் லென்ஸ் வைத்துப் பார்த்து, நாணயத் தரத்தின் உச்சமான எழுபதுக்கு எழுபது மதிப்பெண் கொடுத்தார்.

"ஒரு கீறல் இல்லையே! என்னா வீரம்!" என்று தலைவர் கண் கலங்கினார்.

வினை என் வீட்டிலிருந்தே வந்தது. முதுகில் தொங்குகிறாரே, அவர் என் மனைவியின் அண்ணன். அந்தச் சண்டையில் மச்சானுக்கு இரண்டு கண்ணும் போயின. தூக்கி வந்தவன் இவரைக் கரையில் இறக்கிவிட்டு அங்கேயே விழுந்து செத்தான். படையில் அவனைச் 'சப்பை' என்றுதான் கூப்பிடுவார்களாம், மூக்கு அப்படி.

"மாப்ள, அந்தக் காசை ஒரு தடவ தொட்டுப் பாக்கணும்."

"காசுன்னு சொல்லாதீங்க மச்சான். நாணயம்."

"சரி, நாணயம். சப்பையோட மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமா மறந்துக்கிட்டே வருது மாப்ள. அவன் போட்டோ ஒண்ணுகூட இல்ல. விரல் வெச்சுப் பாத்தா நெனப்பு வந்துடும்."

நான் யோசித்தேன். என் மனைவி யோசிக்கவில்லை. "அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா உங்க சங்கத்துலயே படுத்துக்குங்க" என்றாள்.

அவசரக் கூட்டம் கூடியது. பார்வை இல்லாதவர் நாணயத்தைப் 'பார்வையிட' விதியில் இடமுண்டா என்று ஒன்றரை மணி நேரம் ஆராய்ந்தோம். பெட்டியோடு பார்வையிடலாம் என்று தீர்மானம் ஆனது.

மச்சான் கைத்தடியோடு படியேறி வந்தார். பெட்டியைக் கொடுத்தோம். மேலும் கீழும் தடவினார்.

"வழுவழுன்னு இருக்கே, என்ன இது?"

"பாதுகாப்பு" என்றார் தலைவர் பெருமையோடு.

"சப்பை எங்க?"

"உள்ளே பத்திரமா இருக்கார்."

மச்சானின் முகம் தொங்கிப்போனது. இரக்கம் என்னும் பலவீனம் என்னையும் ஒரு நிமிடம் பிடித்தது. பெட்டியைத் திறந்து, கையுறையோடு தொட அனுமதிக்கலாம் என்று நானே முன்மொழிந்தேன். நாலுக்கு மூன்று ஓட்டில் நிறைவேறியது. டாக்டர் தன் கையாலேயே அவருக்குக் கையுறை மாட்டினார்.

"துணிதான் தெரியுது" என்றார் மச்சான்.

அடுத்த நொடி கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து எறிந்துவிட்டு, வெறும் கட்டைவிரலை நாணயத்தின் மேல் வைத்தார்.

டாக்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, போச்சே! முப்பது வருஷத்து வீரம் போச்சே!" என்று தலைவர் போட்ட கூச்சலில், கீழே டாக்டருக்காகக் காத்துப் பல்வலியில் அலறிக்கொண்டிருந்தவர்கூட வாயை மூடிக்கொண்டார்.

விரல் அந்த முகத்தின் மேல் மெல்ல ஊர்ந்தது. நின்றது.

"இது அவன் இல்ல மாப்ள."

"அரசாங்கமே அடிச்சது மச்சான்!"

"யார் அடிச்சா என்ன? மூக்கு கத்தி மாதிரி இருக்கு. சப்பைக்கு இந்த எடத்துல அமுங்கி இருக்கும். இடது புருவத்துல ஒரு தழும்பு. சிரிச்சா ஒரு கண்ணு மூடிக்கும்..." சட்டென்று நிறுத்தினார். பிறகு உரக்கச் சிரித்தார். "எனக்கு மறக்கல! மறக்கவே இல்ல மாப்ள!"

சிரித்தபடியே அழுதார். பார்வை போன கண்ணிலும் தண்ணீர் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"கண்ணீர்ல உப்பு இருக்கு! சொட்டிடப் போகுது!" என்று டாக்டர் கத்தினார். நல்லவேளையாக எனக்குச் சமயோசிதம் இருந்தது. மச்சானின் கையிலிருந்து நாணயத்தைப் பிடுங்கிவிட்டேன்.

லென்ஸில் பார்த்தோம். வீரரின் முகத்தின் மேல் முழுசாக ஒரு கட்டைவிரல் ரேகை. துடைத்தால் கீறும், விட்டால் கறுக்கும். பதிவேட்டில் 'சேதத்துக்குக் காரணம்' என்றொரு கட்டம் உண்டு. அதில் என் அழகான கையெழுத்தில் 'போர்வீரர்' என்று எழுதினேன்.

எங்கள் தொகுப்பில் மொத்தம் நானூறு நாணயங்கள். போரில் நின்ற ஒரு மனிதனின் கை பட்டது அது ஒன்றுதான். ஆகவே அதை ஒருமனதாக நீக்கிவிட்டோம்.