பெரியவள் கழற்றிப் போட்ட சட்டை

இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், அல்லது பெரியவள் இருக்க வேண்டும். அன்று காலை பல் துலக்கும்போதே தீர்மானித்துவிட்டேன். தீர்மானித்த வேகத்தில் பிரஷ் ஈறில் இடித்து ரத்தம் வந்தது. அந்த ரத்தத்துக்கும் சேர்த்துப் பெரியவள் மேலேயே கோபப்பட்டேன்.

பெரியவள் என்றதும் மாமியார் என்று நினைத்துவிடாதீர்கள். மாமியாராக இருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். பெரியவள் ஒரு சிலந்தி. டரான்டுலா. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் ரோமம், உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம். பக்கத்துப் பெட்டியில் இருப்பவள் சின்னவள். என்னமோ நான் இரண்டு பேரைக் கட்டிக்கொண்டு வந்த மாதிரி, என் மனைவி வைத்த பெயர்கள்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்த டாக்டரம்மா மாற்றலாகி வேறு ஊருக்குப் போனார். போகிறவர் ஒரு நாற்காலியைக் கொடுத்திருக்கலாம். மின்விசிறியைக் கொடுத்திருக்கலாம். இரண்டு கண்ணாடிப் பெட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் என் மனைவி ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

"ஏங்க! சீக்கிரம் வாங்களேன்!"

முகத்தில் சவர நுரையோடு ஓடினேன். "என்ன ஆச்சு?"

"பெரியவ ஒரு காலைத் தூக்கினா."

"அப்புறம்?"

"கீழ வச்சுட்டா."

இதற்கு நான் கன்னத்தை வெட்டிக்கொண்டேன். பாதி மீசையும் போய்விட்டதால் மீதியையும் எடுத்துவிட்டேன். பதினெட்டு வருஷ மீசை. அது போய் நாலு நாள் ஆகியும் என் மனைவிக்குத் தெரியவில்லை. ஆனால் சின்னவள் தண்ணீர்க் கிண்ணத்தை அரை விரற்கடை நகர்த்தியது மட்டும் வீட்டுக்குள் நுழைந்த உடனே தெரிந்துவிட்டது. "தனக்கு எது எங்க இருக்கணும்னு அவளுக்கு ஒரு கணக்கு இருக்குங்க" என்று பெருமை வேறு.

எனக்கும் ஒரு கணக்கு உண்டு. கேட்க ஆள் இல்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிறவன். ஊராரின் பார்வையைச் சரிசெய்பவன். என் வீட்டுக்காரியின் பார்வை மட்டும் என் பக்கம் திரும்பவில்லை.

"எட்டுக் கண்ணு இருந்தும் இவளுக்குப் பார்வை சுத்தமா மங்கல்ங்க. பாவம்."

"கடைக்குக் கூட்டிட்டு வா. நாலு ஜோடி கண்ணாடி மாட்டி விடறேன்."

"கத்தாதீங்க. அதிர்வு அவளுக்கு ஆகாது."

என் வீட்டில் நான் கோபப்படுவதாக இருந்தால்கூட மெதுவாகத்தான் கோபப்பட வேண்டும். எந்த மனுஷனால் முடியும்? போன வருஷம் வரைக்கும் கரப்பான் பூச்சிக்கு மருந்து அடித்த வீடு இது. இப்போது டப்பா டப்பாவாகக் கரப்பானை வாங்கி வந்து, கேரட் போட்டு வளர்த்து, வாரத்துக்கு ஒன்றாகப் பெரியவளுக்குப் பரிமாறுகிறாள். கேரட் எனக்கு வாங்கியது.

இந்த நிலையில்தான் மனைவியின் அக்கா மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். வருத்தமான விஷயம்தான். ஆனால் "ரெண்டு வாரம் நான் அங்க இருந்து பார்த்துக்கணும்ங்க" என்று அவள் சொன்னபோது என் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

போகும்போது ஒரு தாளில் என்னென்னவோ எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினாள். வாயாலும் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். காதில் எதுவும் ஏறவில்லை. ஏறவிட நான் தயாராகவும் இல்லை.

மூன்றாம் நாள் கடைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். பெரியவள் மல்லாந்து கிடந்தாள். எட்டுக் காலும் மேலே. அசைவில்லை.

கதவைச் சாத்திவிட்டு ஒரு ஆட்டம் ஆடினேன். அதிர்வு யாருக்கு ஆகாதோ அவளே போய்விட்டாளே! கண்ணாடி முன்னால் நின்று, "என்னால முடிஞ்சதெல்லாம் பார்த்தேம்மா" என்று தழுதழுத்துப் பழகினேன். மூன்றாவது தடவையில் நானே நம்பிவிட்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்து, பிணத்தை எடுக்கலாம் என்று பெட்டியைப் பார்த்தால் உள்ளே இரண்டு பேர்.

ஒருத்தி கிடந்தாள். ஒருத்தி, பளபளவென்று, முன்னைவிடப் பெரிதாக, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் அந்தத் தாளைப் போய்ப் படித்தேன். "மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சட்டை உரிக்கிறாள். பத்து நாளைக்குத் தொடக்கூடாது. உடம்பு மெத்தென்று இருக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. நான் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டால், "இது என்ன வீடா, சத்திரமா?" என்கிறாள். பெரியவள் கழற்றினால் பத்து நாள் ஓய்வு! பதினெட்டு வருஷமாக என்னைச் சட்டை செய்யாதவள், ஒரு பூச்சியின் சட்டைக்கு விதிமுறை எழுதி ஒட்டுகிறாள்!

அந்த ஆத்திரத்தில்தான் மூளை வேலை செய்தது. சட்டை அச்சு அசல் பெரியவள் மாதிரியே இருந்தது. ரோமம், நகம், எல்லாம். ஆளை வெளியே தள்ளிவிட்டுச் சட்டையை மட்டும் பெட்டியில் வைத்தால்? செத்துவிட்டாள். முடிந்தது கதை.

சட்டையை எடுத்து வந்து, வீட்டில் எனக்கென்று இருந்த வேலை மேஜையில் வைத்தேன். முதுகுப் பக்கம் மூடி திறந்த மாதிரி இருந்தது. செத்த சிலந்திக்குக் கால்கள் உள்ளே மடங்கியிருக்கும் என்று தெரியும். இதற்கு விரிந்து கிடந்தன. வெந்நீர் ஆவியில் காட்டி, இடுக்கியால் ஒவ்வொரு காலாக மடித்தேன். மூடியை லென்ஸ் ஒட்டும் பசை வைத்து ஒட்டினேன். இருபது வருஷக் கைப்பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு செய்த வேலை. பார்த்தால் பெற்ற தாய்க்கே அழுகை வரும்.

பத்து நாள் பொறுத்தேன். பரிதாபத்தால் இல்லை; பயத்தால். பதினோராம் நாள் பெரியவளைக் கிண்ணத்தால் மூடி, அட்டையை அடியில் செருகி, மூடியில் ஓட்டை போட்ட டிபன் பாக்ஸுக்குள் தள்ளினேன். தள்ளும்போது அவள் பின்னங்காலால் வயிற்றைப் பரபரவென்று தேய்த்தாள். ரோமம் பறந்தது. என் கை, கழுத்து, மூக்கு எல்லாம் அரிப்பு. பேருந்தில் ஒன்றரை மணி நேரம் சொறிந்துகொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்றுகொண்டார்.

வேண்டுமென்றே ஊருக்கு அந்தக் கோடியில் இருந்த வளர்ப்புப் பிராணிக் கடையாகப் பார்த்துப் போனேன். அங்கே என் மனைவியைத் தெரிந்தவர் யாரும் கிடையாது.

"ஆணா, பெண்ணா?" என்றார் கடைக்காரர்.

"பெண்தாங்க. நிச்சயமா பெண்தான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"வீட்டுல அவ வச்சதுதான் சட்டம்."

மனைவி வெள்ளிக்கிழமை வந்தாள். பையைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்தேன்.

"என்னால முடிஞ்சதெல்லாம் பார்த்தேம்மா..."

அவள் பெட்டியைத் திறந்தாள். சட்டையை உள்ளங்கையில் எடுத்தாள். முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். முகர்ந்துகூடப் பார்த்தாள். நான் கண்ணைத் துடைத்தேன்.

"அழாதீங்க" என்றாள். "பெரியவ சாகல."

"என்னது?"

"இது சட்டைங்க. காத்து மாதிரி இருக்கு. உரிச்சுப் போட்டுட்டு வெளிய கிளம்பிட்டா. மூடியைச் சரியா மூடலையா நீங்க?"

"மூ... மூடலையோ என்னமோ."

"அப்போ வீட்டுக்குள்ளதான் எங்கயோ இருக்கா. புதுத் தோலு. மிதிச்சா போச்சு. கண்டுபிடிக்கற வரைக்கும் நீங்க உட்காரக் கூடாது."

"நான் மட்டுமா?"

"நான் பிரயாணம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

வீட்டில் இல்லாத ஒன்றைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பது, இல்லையென்று தெரிந்தும் சொல்ல முடியாதவனுக்குத்தான் புரியும். கட்டிலை நகர்த்தினேன். குளிர்பதனப் பெட்டியை இழுத்தேன். அதன் பின்னால் ஒரு தலைமுறைத் தூசி. "தூசியைத் துடைச்சுட்டே பாருங்க, அப்பதான் கால் தடம் தெரியும்" என்றாள். துடைத்தேன். பரணில் ஏறினேன். ஏழு வருஷமாக நாளைக்கு நாளைக்கு என்று நான் தள்ளிப்போட்ட பரண் அது. ஒவ்வொரு பானையாக இறக்கி, கழுவி, மறுபடி ஏற்றினேன். அவள் கீழே நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே வழி சொன்னாள்.

"அவளுக்கு இருட்டுதான் பிடிக்கும். மூலையில கையை விடுங்க."

"ஒரே ஒட்டடையா இருக்கு!"

"ஒட்டடைன்னா சிலந்தி இருக்குன்னு அர்த்தம். நல்லா எடுங்க."

அலமாரி உச்சியில் இருந்த அவளுடைய பயணப் பையை எடுக்கப் போனேன். "அதைத் தொடாதீங்க, அதை நான் பார்த்துட்டேன்" என்றாள். ஒரு பொருளாவது குறைந்ததே என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ஜன்னல்கள். ஞாயிற்றுக்கிழமை என் வேலை மேஜை. இருபது வருஷமாக நான் சேர்த்து வைத்த பழைய ஃபிரேம்கள், உடைந்த காதுக்கம்பிகள், என்றாவது உதவும் என்று வைத்த திருகாணிகள்.

"இந்தக் குப்பைக்குள்ளதான் புகுந்திருப்பா. எல்லாத்தையும் கொட்டுங்க."

"இது குப்பை இல்ல. என் தொழில்."

"அப்போ அவ செத்தா பரவாயில்லையா உங்களுக்கு?"

கொட்டினேன். இரண்டு மூட்டை. என் கையாலேயே குப்பை வண்டியில் ஏற்றினேன். திரும்பி வந்தால் மேஜை, வாங்கின அன்று இருந்த மாதிரி, மொட்டையாக நிற்கிறது. இடுப்பு நிமிரவில்லை. மூக்கு இன்னும் அரிக்கிறது. அவள், "இப்போ பரணை இன்னொரு தடவை..." என்று ஆரம்பித்தாள்.

வெடித்துவிட்டேன். அதிர்வாவது மண்ணாவது!

"அவ இல்லடி இந்த வீட்டுல! நான்தான் தூக்கிட்டுப் போய்க் கடையில குடுத்தேன்! சட்டைக்குப் பசை போட்டதும் நான்தான்! மூணு மாசமா நான் மீசை இல்லாம திரியறேன், உனக்குத் தெரியுமா? உனக்குச் சிலந்தி காலைத் தூக்கினா தெரியுது, புருஷன் தெரியல!"

அவள் காப்பியை வைத்தாள். முகத்தில் ஒரு திகைப்பும் இல்லை.

"தெரியும்" என்றாள்.

"எது தெரியும்?"

"எல்லாந்தான். மீசை போன அன்னிக்கே தெரியும். நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன். நீங்க பேசவே இல்ல, முறைச்சுட்டே இருந்தீங்க." என் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. வயசு குறைஞ்ச மாதிரி."

கோபத்தில் இருக்கிறவனிடம் இப்படிப் பேசுவது எவ்வளவு பெரிய அநியாயம்! என் கை தானாக மேலுதட்டைத் தடவியது.

"சரி... சிலந்தி விஷயம்?"

"நீங்க குடுத்த கடைக்காரர் அரை மணி நேரத்துல படம் எடுத்து எங்க வாட்ஸ்அப் குழுவுல போட்டார், இது என்ன சாப்பிடும்னு கேட்டு. டரான்டுலா வளர்க்கறவங்க குழு. இடப்பக்கம் மூணாவது கால் குட்டையா இருக்கறதைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. வர்ற வழியில இறங்கி வாங்கிட்டு வந்துட்டேன்."

அலமாரி உச்சியிலிருந்து பையை இறக்கினாள். ஜிப்பைத் திறந்தாள். ஓட்டை போட்ட டப்பாவில் பெரியவள், எதுவும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரு காலைத் தூக்கினாள். கீழே வைத்தாள்.

மனைவி மறுபடி பைக்குள் கையை விட்டாள். இன்னொரு டப்பா வந்தது.

"இது யாரு?"

"நடுவுலவ. நான் பேசினதைக் கேட்டுட்டு அந்தக் கடைக்காரரே, நீங்கதாம்மா வளர்க்கணும்னு சும்மா குடுத்துட்டார்."

"மூணா! வீட்டுல எங்கடி இடம் இருக்கு?"

அவள் நடுவுலவளை என் மேஜை மேல் வைத்தாள். "இதுக்குத்தானே மூணு நாளா ஒழிச்சுக் குடுத்தீங்க?"