சோசெட்டுக்குப் போட்ட படையல்

ஒரு கிலோ எடைகூட இல்லாத பிராணி ஒன்றுக்குப் பயந்து, என் சொந்த வீட்டில், பட்டப்பகலில் நடுங்கியிருக்கிறேன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லுவாள். அவள் சொல்லும்போது நான் அழுததாகவும் சேர்த்துக்கொள்ளுவாள். (அழவில்லை. கண்ணில் வைக்கோல் தூசி.)

அந்தப் பிராணி ஒரு கினிப் பன்றி, பெயரில்தான் பன்றி, பார்வைக்கு வாலில்லாத எலி. பெயர் சோசெட். பிரெஞ்சில் காலுறை என்று அர்த்தம். ஒரு கால் மட்டும் வெள்ளையாக இருந்ததால் என் மகள் அபி வைத்த பெயர். அபிக்கு அப்போது ஒன்பது வயது. பிரெஞ்சு பேசும் வில்லரேயில் எங்கள் வீட்டுப் பின்னறையில் சோசெட்டின் கூடு இருந்தது. அதற்கு முதல் அந்த அறையில் இருந்தவர் என் மாமனார். அவர் காலமாகி ஒரு வருடம் ஆகியும் அவர் எப்போதும் உட்கார்ந்திருந்த சாய்மனைக் கதிரையை அப்புறப்படுத்த எவருக்கும் மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்துப் புதினங்களை அம்மப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்த அபி, அவர் போன பிறகு சோசெட்டிடம் சொல்லத் தொடங்கினாள்.

சோசெட்டின் சிறுநீர்ப்பையில் கல் வந்தது. சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மிருகவைத்தியர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கினிப் பன்றி சாப்பிடாமல் கிடந்தால் குடல் நின்றுவிடும், குடல் நின்றால் உயிர் தப்பாது. தானாகச் சாப்பிடும்வரை, ஒரு மாவைத் தண்ணீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும்.

மறுநாள் நான் வேலைக்கு லீவு போட்டேன். காலையில் மனைவி நோவுக்கு மருந்தும் முதல் சாப்பாடும் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். அபி சப்பாத்தைப் போட்டுக்கொண்டே என்னை முறைத்துப் பார்த்தாள்.

"அப்பா, நான் வரேக்க அவ சாப்பிட்டிருக்க வேணும். அம்மப்பாவும் ஆஸ்பத்திரியில சாப்பிடாமத்தான் கிடந்தவர்."

"நான் இருக்கிறன்தானே," என்றேன். (இந்த வசனத்தை நம்பி இதுவரை ஒருவரும் உருப்பட்டதில்லை.)

மத்தியானச் சாப்பாடு என் பொறுப்பு. சிரிஞ்சை வாயோரம் வைத்தேன். சோசெட் பல்லைக் கடித்தபடி என்னைப் பார்த்தது. நான் அவசரப்பட்டு அமத்திவிட்டேன். பச்சைக் கூழ் என் மூக்குக்கண்ணாடியில் கொஞ்சம், சுவரில் கொஞ்சம், என் ஸ்வெட்டரில் மிச்சம். சோசெட்டின் வாய்க்குள் மட்டும் ஒரு துளியும் போகவில்லை. பிறகு அது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி, மாமனாரின் கதிரையைப் பார்க்கத் தொடங்கியது.

பார்த்தது, பார்த்தபடியே இருந்தது. கண் சிமிட்டவில்லை.

வழக்கமாகக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாலே அது விசில் அடிக்கும். நான் குசினிக்குப் போய்த் திறந்தேன். சத்தமில்லை. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். சத்தமில்லை. வெளியே கொட்டிய பனியில் தெருவும் செத்துக் கிடந்தது. திரும்பி வந்தபோது ஹீட்டர் வேலை செய்யத் தொடங்கி, கதிரை 'கிறீச்' என்றது. சோசெட்டின் காது அசைந்தது.

"மாமா?" என்று கேட்டேன், வாய்விட்டு. நல்லவேளை, பதில் வரவில்லை.

அடுத்த நிமிஷம் நான் கீழ்வீட்டுச் செல்லத்துரை அண்ணையின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் டாக்ஸி ஓடி ஓய்வுபெற்றவர். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. மேலே வந்து, கூட்டுக்குள் எட்டிப் பார்த்து, உடனே தீர்ப்புச் சொன்னார்.

"தம்பி, நீர் மூஞ்சையைப் பாத்துக்கொண்டு நிண்டா ஆர்தான் சாப்பிடுவினம்? விருப்பமான சாமானெல்லாத்தையும் வைச்சுப்போட்டு வெளியில வாரும்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. கோப்பை வைத்தால் சத்தம் போடும் என்று, ஃப்ரீசரில் உறைந்து கிடந்த வாழையிலையை எடுத்து இளக வைத்து, கூட்டைத் திறந்து அதன் வாசலில் விரித்தோம். கரட், கொத்தமல்லிக் கீரை, வெள்ளரி, குடைமிளகாய் எல்லாம் வெட்டிப் பரப்பினோம். பக்கத்தில் ஒரு சின்னச் செம்பில் தண்ணீர். பனி வெளிச்சம் கண்ணைக் குத்தும் என்று திரைச்சீலையை இழுத்துவிட்டு, பற்றரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்றை வைத்தேன். சோசெட்டின் படத்தை ஒட்டி அபி செய்திருந்த வாழ்த்து அட்டையை, அது பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று, செம்பில் சாய்த்து வைத்தேன்.

"அவ ஏதும் பாவிக்கிறவவோ?" என்று, போத்தலைச் சரிக்கிற மாதிரிக் கையைக் காட்டி அண்ணை கேட்டார்.

"இல்லை அண்ணை, தண்ணி மட்டும்தான்."

அதைக் கேட்டபோதாவது எனக்கு மண்டையில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே வந்து, செருப்பைக் கழற்றி, கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அப்போதுதான் விளங்கியது. மாமனார் காலமான எட்டாம் நாள், இதே அறையில், இதே மாதிரி இலை போட்டு, குடிவகை உட்பட அவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்து, படத்தின் முன் விளக்கு வைத்து, அவர் வந்து சாப்பிடட்டும் என்று இதே கதவைச் சாத்திவிட்டு இதே இடத்தில் நின்றோம். உயிரோடு இருக்கும் சீவனுக்கு எட்டாம் நாள் படையல் போட்டிருக்கிறேன். அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் விளங்கிவிட்டது.

உள்ளே ஏதோ 'சரக்' என்று நகர்ந்தது. பிறகு கதிரை கிறீச்சிட்டது. பிறகு மெதுவாக, நிதானமாக, 'கறுக்… கறுக்…' என்று ஒரு சத்தம்.

அண்ணை என் கையைப் பிடித்தார்.

"தம்பி, உங்கட மாமாவுக்குக் கரட் விருப்பமோ?"

"ஓம்," என்றேன்.

"அப்ப நான் பேந்து வாறன்," என்றார். ஆனால் அவருடைய காலும் நகரவில்லை, என் கையையும் விடவில்லை.

அந்த நேரம் பார்த்து அபி பள்ளிக்கூடத்தால் வந்துவிட்டாள். படியேறி வந்தவள், சாத்திய கதவையும் கழற்றிய செருப்பையும் கையோடு கை பிடித்து நின்ற எங்களையும் பார்த்தாள். ஒரு வருடத்துக்கு முன் அவளும் எங்களோடு அங்கே நின்றவள். புத்தகப் பை தோளிலிருந்து வழுகி விழுந்தது. அவள் கத்தவில்லை.

"எப்ப?" என்று மட்டும் கேட்டாள்.

என் வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் மானம் போயிருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் அதெல்லாம் தூசு. "இல்லையடா, அது வந்து…" என்று நான் இழுப்பதற்குள் அவள் கதவைத் தள்ளித் திறந்துவிட்டாள்.

இலையில் வைத்த மரக்கறி எல்லாம் வைத்தபடியே இருந்தது. இலையில்தான் ஒரு மூலையைக் காணவில்லை, நடுத்தண்டையும் பாதிவரை கொறித்தாயிற்று. சோசெட் கதிரைக்குக் கீழே இருந்தது. வாயிலிருந்து ஒரு பச்சை நார் தொங்கியது. எங்களைக் கண்டதும் மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சிலை மாதிரி இருந்தது. முதுகு உரசியதில்தான் கதிரை கிறீச்சிட்டிருக்கிறது.

அபி அப்போதுதான் அழுதாள். தரையில் உட்கார்ந்து, என் முழங்காலில் குத்திக் குத்தி அழுதாள். "உயிரோட இருக்கிறவவுக்கு ஏன் படைச்சனீங்கள்?" என்று கேட்டாள். அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எப்போதோ கீழே இறங்கிவிட்டார்.

பிறகு அவளே எழும்பி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, சோசெட்டைத் துவாயில் சுற்றி மடியில் வைத்தாள். சிரிஞ்சை வாயோரம் வைத்து ஒரு துளி விட்டாள். விழுங்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு இன்னொரு துளி. பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்த வேலைக்கு மட்டும் என்னை நம்பினாள். (வைக்கோல் தூசி பறந்தது இந்த நேரத்தில்தான்.) இரண்டு நாள் கழித்துக் குளிர்சாதனப் பெட்டியை நான் திறந்தபோது பின்னறையிலிருந்து விசில் சத்தம் கேட்டது. முட்டையை எடுக்க வந்ததையே மறந்துவிட்டேன்.

சோசெட் அதற்குப் பிறகும் மூன்று வருடம் இருந்தது. ஆனால் இன்றுவரை எங்கள் வீட்டில் யாராவது பசியில்லை என்று சொன்னால், "இலையைப் போட்டிட்டுக் கதவைச் சாத்தட்டோ?" என்று மனைவி கேட்பாள். விருந்தினரிடம்கூடக் கேட்டிருக்கிறாள்.

போன மாரிக் குளிரில் எனக்குக் கடும் காய்ச்சல். நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பதினைந்து வயது அபி கஞ்சிக் கோப்பையோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வைத்துவிட்டுப் போ, பிறகு குடிக்கிறேன் என்றேன்.

"போக மாட்டன். கதவையும் சாத்த மாட்டன். நான் பாத்துக்கொண்டு இருக்கேக்கயே குடியுங்கோ."

கஞ்சியில் உப்பே இல்லை. ஒரு பருக்கை விடாமல் குடித்தேன்.