ஈரலிலிருந்து நீக்கப்பட்டவர்கள்

ஒரு காட்டில், முதலாளிகளுக்கும் குறைவில்லாத காட்டில்தான், ஒரு கரடி இருந்தது. தேன் எடுப்போர் சங்கத்துக்கு முப்பது வருஷமாக அதுதான் தலைவர். போராட்டம் வென்றாலும் போதைக்குப் புளித்த இலுப்பைப் பூவைத் தின்னும், தோற்றாலும் தின்னும். தோற்றதே அதிகம்.

ஒருநாள் வலது விலாவின் கீழ் வலித்தது. டோக்கன் வாங்கி, முயலுக்கும் முள்ளம்பன்றிக்கும் நடுவே வரிசையில் நின்று, நாரை டாக்டரம்மாவிடம் போனது. நாரை அலகால் ஈரலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தது.

“தோழர், ஈரலில் இருக்கிற செல்களெல்லாம் கைகோத்துத்தான் நிற்கும். உங்களுக்குச் சில செல்கள் கையை விட்டுவிட்டன. புற்றுநோய்.”

“கையை விட்டதா? என் உடம்பிலா?”

“பூ அரித்த புண்ணுக்கெல்லாம் உடம்பு நார் போட்டுப் பூசியிருக்கிறது. சுற்றிலும் ஒரே இறுக்கம். கையை விட்டவர்களுக்கு அந்த நார்தான் இப்போது ரோடு.”

“இறுக்கமா?” கரடி நெஞ்சை நிமிர்த்தியது. “அது கொள்கை உறுதிம்மா.”

“இந்த வாரமே அந்தத் துண்டை வெட்டி எடுத்தால் பிழைப்பீர்கள். இந்தப் படிவத்தில் நகம் பதியுங்கள்.”

“உறுப்பினரை வெட்டுவது முதலாளி வேலை. நாங்கள் விளக்கம் கேட்போம். பதில் வராவிட்டால் நீக்குவோம்.”

“செல்லிடமா விளக்கம் கேட்பீர்கள்?”

“யானையிடமே கேட்டவன் நான்.”

கரடி குகைக்குப் போய்த் தன் வயிற்றைப் பார்த்து நோட்டீஸ் வாசித்தது. பதினைந்து நாள் அவகாசம். பதில் இல்லை. உடனே தீர்மானம்: கையை விட்டவர்கள் ஈரலை விட்டு வெளியேற வேண்டும். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு தீர்மானம் அப்படியே அமலானது.

அடுத்த மாதம் கரடி இருமிக்கொண்டே நாரையிடம் வந்தது. நாரை படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தது.

“வெளியேறினார்களா?” என்றது கரடி.

“வெளியேறினார்கள். ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குப் போய் மூன்று கிளை திறந்திருக்கிறார்கள். அங்கே போனதும் மறுபடி கைகோத்துக்கொண்டார்கள்.”

“இனி வெட்ட முடியாதா?”

“முடியாது, தோழர்.”

கரடி படத்தை எட்டிப் பார்த்தது. பிறகு, “அங்கே யார் கொடி?” என்று கேட்டது.

“உங்கள் கொடிதான். எல்லாம் உங்கள் ஆட்கள்.”

“ஒரே மாதத்தில் மூன்று கிளை. நான் முப்பது வருஷத்தில் ஒன்றுகூடத் திறக்கவில்லை” என்றது கரடி. பெருமையாகத்தான் சொன்னது. மழைக்கு முன்பே இறந்தது.

நீதி: துரோகியை நீக்காதே; துணைத் தலைவராக்கு. பதவி கிடைத்தவன் உட்கார்ந்த இடத்தை விட்டு நகரமாட்டான்.