நுரையீரலுக்குக் கவ்வாத்து

றக்வான,
வியாழக்கிழமை.

அன்பு மகள் விஜயகலாவுக்கு,

இங்கே அப்பா சுகம். உன் சுகத்தையும், கண்ணாடிப் பெட்டிக்குள் நீங்கள் வளர்க்கும் நுரையீரலின் சுகத்தையும் அறிய ஆவல். தொலைபேசியில் பேசினால் எனக்கு வரிசை தவறிவிடுகிறது. ஆகவே எழுதி, தினேஷின் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புகிறேன். இதில் வருபவை:

1. உன் ஆராய்ச்சியை நான் பொதுக்கூட்டத்தில் விளக்கியது.
2. அதனால் எனக்குக் கிடைத்த மரியாதை.
3. அதை நம்பிப் பழனியாண்டி மருந்தை நிறுத்தியது.
4. உன்னால் ஆக வேண்டியது.

இரண்டாவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் விடப்போவதில்லை.

போன ஞாயிறு நமது தோட்டத்து மரணாதாரச் சங்கத்தின் வருடாந்தக் கூட்டம். செயலாளர் தினேஷ் அறிக்கையை வாசித்து முடித்ததும், "நம்ம கிளாக்கரய்யா மக வெளிநாட்டுல பெரிய ஆராய்ச்சி செய்றாங்க. அது என்னான்னு ஐயாவே ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்று மைக்கை என் கையில் திணித்துவிட்டார். முப்பத்தொரு வருடம் தோட்டத்து அலுவலகத்தில், துரை கேட்டால் மட்டும் பேசிப் பழகியவன் நான். நீ எழுதி அனுப்பியது பாடமாக இருந்ததால் தப்பித்தேன். கொடையாகக் கிடைத்த நுரையீரலைச் சவர்க்காரம் போன்ற திரவத்தால் கழுவி உயிர்க்கலங்களையெல்லாம் நீக்கினால், வெள்ளை வலை போன்ற சட்டகம் மட்டும் மிஞ்சும் என்றேன். அதில் குருத்துக் கலங்களை விதைத்து, இரத்தம் ஓடுவது போலச் சத்துநீரும், மூச்சு விடுவது போலக் காற்றும் கொடுத்தால், அவை சட்டகத்தைப் பற்றிக்கொண்டு புதிய இழையமாக வளரும் என்றேன். ஒரு முகத்திலும் அசைவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் கொட்டாவி விட்டார். உன் பெருமை கொட்டாவியில் முடிவதை என்னால் பொறுக்க முடியவில்லை. "கவ்வாத்து மாதிரிதான்" என்று சொல்லிவிட்டேன்.

மகளே, கூட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது. தேயிலையின் இலையையும் கிளையையும் வெட்டி வெறும் கட்டையை நிறுத்துகிறோம், அந்தக் கட்டையில் புதுத் தளிர் வருகிறது, என் மகள் அதையே நுரையீரலில் செய்கிறாள் என்றேன். கைதட்டினார்கள். "அப்ப இனி சாவுச் செலவே இல்ல, நம்ம சங்கத்தக் கலைச்சிரலாம் போல!" என்றார் தலைவர். தேநீரோடு மற்றவர்களுக்கு ஒரு வடை, எனக்கு மூன்று. இப்போது கடைத்தெருவில் என்னை "நுரையீரல் ஐயா" என்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

இனி மூன்றாவது. மேல் லயத்துப் பழனியாண்டியை உனக்குத் தெரியும். நாற்பது வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். நுரையீரல் பழுதாகிவிட்டது. காலையும் மாலையும் மருந்துப் பம்பை வாயில் வைத்து இழுக்க வேண்டும், மாதம் ஒருமுறை இரத்தினபுரியில் கிளினிக். செவ்வாய்க்கிழமை அவர் மனைவி வெள்ளையம்மா வந்து நின்றார்.

"ஐயா, இந்த மனுசன் பம்ப் இழுக்கிறதில்லைங்க. கிளினிக்குக்கும் போகலைங்க. கேட்டா, கவ்வாத்துக்கு முந்தி செடிய ஓய்வுக்கு விடணுமாம். அந்த மாதிரி நெஞ்ச ஓய்வுக்கு விட்டிருக்காராம். நீங்கதான் சொன்னீங்களாம்."

வெட்டுவதற்கு முன் சில வாரம் கொழுந்து பறிக்காமல் விட்டு, வேரில் சத்துச் சேர்ப்பது முறைதான். அதை நான் சொல்லவேயில்லை. ஆனால் உவமை என்னுடையது. ஓடினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். வெள்ளையம்மா கதவருகில் நின்றார்.

"வெட்டி மூணு மாசத்துல தளிர் வந்திருமுங்களா ஐயா?" என்று பழனியாண்டி சத்தமாகக் கேட்டார்.

நீங்கள் இன்னும் எலியில்தான் சோதிக்கிறீர்கள், மனிதருக்கு வர எத்தனை வருடமோ தெரியாது என்று நீ அடிக்கோடிட்டு எழுதியிருந்தாய். கூட்டத்தில் அந்த வரியை விட்டுவிட்டேன். அன்றும் அது வாயில் வரவில்லை. "அது மண்ணைப் பொறுத்தது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான்காவது: நீ அவருக்கு உடனே எழுது. படிக்காத மனிதர், என் பேச்சை அப்படியே நம்பிவிட்டார். புது நுரையீரல் வரும்வரை இருக்கும் நுரையீரலுக்குப் பம்ப் அவசியம் என்று சொல். மூன்று வடையும் போனால் போகட்டும்.

எலியளவு முயலளவாகி, முயலளவு ஆளளவாக, றக்வானப் பிள்ளையார் உன் கைக்குத் துணை நிற்பார். அப்பாவுக்கு உன்னை நினைத்தால் மூச்சு நீளமாக வருகிறது.

இப்படிக்கு,
அப்பா.

பி.கு.: ஒருவரைப் பற்றி எழுதினால் அவரிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்ப்பது என் அலுவலக வழக்கம். பயந்து பயந்து பழனியாண்டியிடம் வாசித்தேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

"இப்பத்தான் எலிக்கே பாக்குறோம்னு பாப்பா போன லீவுக்கு வந்தப்பவே என்கிட்ட சொல்லிருச்சுங்களே! எனக்கு பம்ப் போன வாரமே முடிஞ்சிருச்சு. புதுசு வாங்க கிளினிக்குக்குக் கெளம்புனா நீங்களும் தொணைக்கு வர்றேம்பீங்க. போன தடவ பஸ்ஸு பெல்மதுளை வர்றதுக்குள்ள மூணு வாட்டி வாந்தி எடுத்தீங்க. பாக்கவே பாவமா இருந்துச்சுங்க. வீட்டுல கேட்டா ஒரு சாக்கு சொல்லணும்ல? ஒங்க கவ்வாத்து நல்லா கைகுடுத்துச்சு."

நாளைக் காலை ஆறு மணி பஸ்ஸில் இருவரும் இரத்தினபுரிக்குப் போகிறோம். எனக்கு இஞ்சித் துண்டும் நான்கு ஷொப்பிங் பேக்கும் எடுத்து வைத்துவிட்டேன். நீ ஒன்றும் எழுத வேண்டாம். மூன்றாவதாக எழுதியது பிழை: அவர் என்னை நம்பி மருந்தை நிறுத்தவில்லை, எனக்காக நிறுத்தியிருக்கிறார்.