பிரான்சுக்குப் பேர் பதிய வந்தவர்கள்

ஓப்பநாயக்க,
12.3.1934

மகாராஜராஜஸ்ரீ பத்திராதிபர் அவர்கள் சமுகத்துக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சு யந்திரமும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே மழையும் அட்டையும் நானும் சுகமே.

சென்ற இதழில் "விடுமுறையில் காணத்தக்க பிரெஞ்சுச் சிற்றூர்கள்" என்ற கட்டுரையை வெளியிட்டதற்கு நன்றி. தீபாவளிக்கு ஒரு நாள் லீவு கிடைத்தால் பலாங்கொடைக் கடைத்தெருவுக்குப் போவதா, லயத்து அறையிலேயே படுத்துக் கிடப்பதா என்று திண்டாடும் எங்கள் தேயிலைத் தோட்டத்தாருக்கு இப்படியொரு வழிகாட்டி இல்லாதது பெருங்குறையாக இருந்தது. நான் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியை. ஞாயிறு பின்னேரம் எழுத்துப் படிக்க வரும் பெரியவர்களுக்கு அதை வாசித்துக் காட்டினேன். என் புத்தி அப்படி.

எங்கள் தோட்டத்தில் தூரத்து ஊரைப் புகழ்ந்து பேசுகிறவர் ஒரே வகைதான்: ஆள் பிடிக்க வந்தவர். இவர்களுடைய பாட்டன்மார் கப்பலேறியதும் இதைப்போல ஒரு வர்ணனையைக் கேட்டுத்தான். ஆகையால் கோல்மார் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களைப் பற்றி வாசித்ததும், கொழுந்தெடுக்கும் மருதாயி, "எத்தன ராத்தல் பறிச்சா முழுநாள் கூலிக்குப் பேரு போடுவாங்க, டீச்சரம்மா?" என்றாள். ரோக்கமதூரில் வீடுகள் பாறைமேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றேன். அவள் புருஷன் மூக்கையா, "அங்கேருந்து காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்கு எறங்கி வர நேரமாகுமே" என்று கவலைப்பட்டான். ஆள் எடுக்கவில்லை, சும்மா பார்த்துவிட்டு வரத்தான் என்று தொண்டை வற்றச் சொன்னேன். "வேல செய்யாம ஊரப் பாக்க எவனாச்சும் கப்பல்ல போவானா? எங்ககிட்ட மறைக்காதீங்க" என்றாள் மருதாயி. மறுநாள் விடிந்து பார்த்தால், பெரட்டுக்குப் போகாமல் பதினாறு குடும்பம் சட்டிபானை, கோழி சகிதம் பேர் பதிய என் வாசலில் நிற்கிறது. பெரிய கங்காணி அழகமுத்து ஓடிவந்து, "எந்தத் தோட்டத்துக்காரன் ஒங்கள அனுப்புனான்?" என்கிறார். இது பிரான்சு என்றேன். "அது கலவானைக்கு அந்தப் பக்கமா?" என்று கேட்டுவிட்டு, நேரே துரையிடம் போய் நான் ஆளைக் கலைக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

துரை லீவில் அந்த ஊர்களுக்கெல்லாம் போய் வந்தவர். கேட்டுச் சிரிப்பார் என்று எண்ணினேன். அவரோ ஏற்கெனவே வெளுத்த முகம் இன்னும் வெளுத்து, "மெய்யாகவே நல்ல ஊர்கள். போனால் திரும்ப மாட்டார்கள்" என்கிறார். அங்கே கூலியாள் தேவையில்லை என்று தங்கள் அடுத்த இதழில் அச்சாகி வரவேண்டுமாம். வராவிட்டால் எனக்கு வேலையும் இல்லை, வேலையோடு தந்த அறையும் இல்லை. போக எனக்கு வேறு வீடு கிடையாது. ஆகவே இரண்டே வரி, தயவுசெய்து போடுங்கள்.

தங்கள் குடும்பத்தார் நலமாயிருக்கவும், அந்தக் கட்டுரையாளர் இனிமேல் உள்ளூரிலேயே தங்கி நீடூழி வாழவும் வேண்டும்,

ஆ. புஷ்பம்
(பெயரை வெளியிட வேண்டாம்.)

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒரு செய்தி. இன்று காலை துரையின் உத்தரவில் ஒழுகுகிற லயங்களுக்கெல்லாம் புதுத் தகரம் வந்து இறங்கிற்று. இவர்களைப் பேசி நிறுத்த என்னைவிட்டால் ஆளில்லை என்று தோன்றியதோ என்னவோ, என் அறைக் கூரைக்கும் இரண்டு தகரம். "இன்னும் ஒரு ஊரப் படிங்க, டீச்சரம்மா" என்கிறாள் மருதாயி. ஆகையால் மேற்படி இரண்டு வரியைப் போடவே வேண்டாம். அடுத்து ஓன்ஃப்ளூர் என்ற ஊரைப் பற்றி விரிவாக எழுதுங்கள். அங்கே லயத்து வாசலிலேயே குழாயில் தண்ணீர் வருகிறது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.